குளிரை யாரும் உண்டாக்குவதில்லை... சூட்டைத்தான் வெளியேற்றுகிறோம்!

பால் குளிர்விப்புத் தொட்டி, காயில், தகடு... சங்க உறுப்பினர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய அடிப்படைகள்!

‘எங்கள் ஊர் பால் சங்கத்தில் குளிர்விப்புத் தொட்டி வைத்திருக்கிறார்கள். இத்தனை வருஷமாகப் பால் திரும்பி வந்ததே இல்லை. இந்தக் கோடையில் மட்டும் மூன்று முறை, புளிப்பு ஏறிவிட்டது என்று திருப்பிவிட்டார்கள். மிஷின் நாள் பூராவும் ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. கரன்ட் பில்லும் ஏறுகிறது. கேஸ் போட வேண்டும் என்கிறார்கள். அந்தத் தொட்டிக்குள் என்னதான் நடக்கிறது? எங்களுக்குப் புரிகிற மாதிரி எழுதக் கூடாதா?’

ஈரோடு மாவட்டத்தில் இருந்து வாசகி ஒருவர் எழுதிய கடிதம் இது. நியாயமான கேள்விதான். மாட்டுக்கு என்ன நோய், என்ன தீவனம் என்று நிறைய எழுதியிருக்கிறோம். ஆனால், கறந்த பால் போய்ச் சேரும் தொட்டியைப் பற்றி எழுதியதில்லை. அதனால், இருபது வருடங்களுக்கும் மேலாகக் குளிர்சாதன வேலை பார்த்துவரும் மெக்கானிக் ஒருவரை அழைத்துக்கொண்டு, அந்த ஊருக்கே போனோம்.

நாங்கள் போன நேரம், மாலைப் பால் ஊற்றும் நேரம். வரிசையில் நின்ற வயதான அம்மா ஒருவர் நம்மிடம் பேசினார். “நானுங்க மூணு மாடு வெச்சிருக்கறன் கண்ணு. காத்தால அஞ்சு மணிக்குக் கறந்து, ஆறு மணிக்குள்ள ஊத்திப்போடறன். என்ற பால்ல குத்தமில்லீங்க. அப்புறம் எப்படிக் கெட்டுப்போகுதுன்னு கேட்டா, ஆரும் சொல்லமாட்டேங்கறாங்க” என்றார் ஆதங்கத்துடன்.

மெக்கானிக் தொட்டிப் பக்கம் போகவே இல்லை. நேராகக் கட்டடத்தின் பின்பக்கம் போனார். அங்கேதான் காற்றாடி வைத்த இரும்புப் பெட்டி இருந்தது. அதற்கு முன்னால் காலி கேன்களும் தீவன மூட்டைகளும் அடுக்கப்பட்டிருந்தன. பத்தடி தள்ளி, சோளத்தட்டு நறுக்கும் இயந்திரம். மூட்டைகளை நகர்த்திவிட்டுப் பார்த்தால், காயில் என்று ஒன்று இருப்பதே தெரியவில்லை. தட்டுத் தூசியும் மாட்டு முடியும் சேர்ந்து, கம்பளி போர்த்தியதைப் போலப் படிந்திருந்தன.

“ஏனுங்ணா, கேஸ் போடோணுமுங்களா?” என்று கேட்டார் சங்கச் செயலாளர்.

அளவு மானியை மாட்டிப் பார்த்த மெக்கானிக், “கேஸ் சரியாத்தான் இருக்குதுங்க. கேஸ் குறைஞ்சிருந்தா ரெண்டு பக்க அழுத்தமும் இறங்கியிருக்கும். இங்க ஒரு பக்கம் ஏறி நிக்குது. மிஷினுக்கு ஒண்ணுமில்லீங்க. அதுக்கு மூச்சு முட்டுது” என்றார்.

அவர் சொன்ன அந்த ‘மூச்சு’ என்ன என்று புரிந்துகொண்டால், பால் தொட்டி மட்டுமல்ல... வீட்டு ஃப்ரிட்ஜ், ஏ.சி, காய்கறிக் குளிர்பதனக் கிடங்கு, பால் பண்ணையின் பெரிய இயந்திரங்கள் எல்லாமே புரிந்துவிடும்.

காபி ஆற்றுவதில் இருக்கிறது சூட்சுமம்!

‘குளிரூட்டும் மிஷின் குளிரை உண்டாக்குகிறது’ என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். ஆனால், குளிர் என்று தனியாக ஒரு பொருள் கிடையாது. சூடு இருக்கும், அல்லது குறைவாக இருக்கும். பாலில் இருக்கும் சூட்டை எடுத்து, வெளியே கொண்டுபோய்க் கொட்டுவதுதான் அந்த மிஷினின் வேலை. கிணற்றில் இருந்து தண்ணீரை இறைத்து வெளியே ஊற்றும் பம்ப் செட்டைப் போல, இது சூட்டை இறைக்கும் பம்ப் செட்.

சூடு எப்போதும் மேட்டில் இருந்து பள்ளத்துக்குப் பாயும் தண்ணீரைப் போலத்தான். சூடான பொருளில் இருந்து குளிர்ந்த பொருளுக்குத்தான் தானாகப் போகும். அது எவ்வளவு வேகமாகப் போகும் என்பதை மூன்று விஷயங்கள் முடிவு செய்கின்றன.

முதலாவது, பரப்பு. சூடான கஞ்சியைச் சொம்பில் வைத்தால் ஆறாது. அகலமான தட்டில் ஊற்றினால் சீக்கிரம் ஆறிவிடும். இரண்டாவது, இரண்டுக்கும் உள்ள வெப்ப வித்தியாசம். மார்கழிக் காலையில் காபி சீக்கிரம் ஆறும். சித்திரை மதியத்தில் ஆறாது. மூன்றாவது, நடுவில் இருக்கும் தடை. கம்பளி போர்த்தினால் உடம்புச் சூடு வெளியே போகாது.

டபராவுக்கும் டம்ளருக்கும் மாற்றி மாற்றிக் காபி ஆற்றுகிறோமே... அதில் பரப்பையும் கூட்டுகிறோம், காற்றோடும் கலந்து நகர விடுகிறோம். உலகத்தில் உள்ள எல்லா வெப்பப் பரிமாற்றக் கருவிகளும் செய்வது இந்த வேலையைத்தான். ஒரே ஒரு வித்தியாசம்... அங்கே இரண்டு பொருள்களும் ஒன்றோடொன்று கலக்காமல், நடுவில் ஓர் உலோகச் சுவர் இருக்கும். அந்தச் சுவர் குழாய் வடிவத்தில் இருந்தால் ‘காயில்’. தகடாக இருந்தால் ‘பிளேட்’.

தொட்டிக்குள் நடக்கும் சுற்றுப்பயணம்!

கையில் ஸ்பிரிட் தடவினால் ஜில்லென்று இருக்கும். ஸ்பிரிட் ஆவியாவதற்குச் சூடு தேவை. அதை உங்கள் கையில் இருந்து எடுத்துக்கொள்கிறது. அதனால்தான் கை குளிர்கிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இப்படித்தான்.

பால் தொட்டியில் ஸ்பிரிட்டின் வேலையைச் செய்வதுதான் ‘கேஸ்’. பல காலமாகப் பயன்பாட்டில் இருக்கும் ஆர்-22 என்ற கேஸ், திறந்தவெளியில் மைனஸ் 41 டிகிரியிலேயே கொதித்துவிடும். அழுத்தத்தைக் கூட்டினால் கொதிநிலையும் கூடும், குறைத்தால் குறையும். இந்த ஒரு குணத்தை வைத்துத்தான் மொத்த மிஷினும் ஓடுகிறது.

தொட்டியின் அடிப்பகுதி இரட்டைச் சுவராக இருக்கும். அந்த இடுக்கில், பணியாரக்கல் குழிகளைப் போலப் புடைப்புகள் வைத்துப் பற்றவைத்த தகட்டுக்குள் திரவமான கேஸ் ஓடும். அழுத்தம் குறைவாக இருப்பதால், பாலின் சூட்டைக் குடித்து அது கொதித்து ஆவியாகும். இதுதான் முதல் வெப்பப் பரிமாற்றி. ‘எவாப்பரேட்டர்’ என்பார்கள்.

சூட்டைச் சுமந்துவரும் ஆவியை கம்ப்ரசர் இழுத்து அழுத்தும். அழுத்தியதும் அது வெளிக்காற்றைவிட அதிகச் சூடாகிவிடும். சைக்கிளுக்குக் காற்று அடிக்கும்போது பம்ப் சுடுகிறதல்லவா, அதைப்போல. இப்போது அது வெளியில் இருக்கும் இரண்டாவது வெப்பப் பரிமாற்றிக்கு, அதாவது ‘கண்டன்சர்’ காயிலுக்கு வரும். காற்றாடி இழுக்கும் காற்றில் சூட்டை இறக்கிவைத்துவிட்டு, மறுபடியும் திரவமாகும். பிறகு, சின்னத் துவாரம் உள்ள ஒரு வால்வு வழியாக அழுத்தம் குறைந்து, மறுபடியும் பால் தொட்டிக்குப் போகும்.

ஆக, பாலில் இருந்து சூடு ஏறும் இடம் ஒன்று. காற்றில் சூடு இறங்கும் இடம் ஒன்று. இறங்கும் இடத்தில் அடைப்பு இருந்தால், ஏறும் இடத்தில் எவ்வளவு நல்ல தொட்டி இருந்தும் பயனில்லை. அந்த ஊரில் நடந்தது இதுதான்.

ஆயிரம் லிட்டருக்கு ஒரு கணக்கு!

இறக்க வேண்டிய சுமை எவ்வளவு என்று பார்ப்போம். ஒரு கிலோ பாலின் வெப்பத்தை ஒரு டிகிரி குறைக்க, சுமார் 3.9 கிலோ ஜூல் சூட்டை எடுக்க வேண்டும். 1,000 லிட்டர் பாலின் எடை ஏறத்தாழ 1,030 கிலோ. அதை 35 டிகிரியில் இருந்து 4 டிகிரிக்குக் கொண்டுவர, சுமார் 1,24,500 கிலோ ஜூல் சூட்டை வெளியேற்ற வேண்டும்.

இதை ஐஸ் கட்டியை வைத்துச் செய்வதாக இருந்தால், ஏறத்தாழ 370 கிலோ ஐஸ் கரைய வேண்டும். மின்சாரக் கணக்கில் சொன்னால், சுமார் 35 யூனிட்டுக்குச் சமமான சூடு. ஆனால், நல்ல நிலையில் உள்ள மிஷின் இதற்கு 12 முதல் 14 யூனிட் மின்சாரம்தான் எடுக்கும். ஏனென்றால், மின்சாரம் சூட்டைச் சுமக்கும் கூலி மட்டும்தான்.

அந்தக் கூலி எதைப் பொறுத்துக் கூடும்? எவ்வளவு உயரத்துக்குச் சுமக்கிறோம் என்பதைப் பொறுத்து. கண்டன்சரில் கேஸ் திரவமாகும் வெப்பநிலை ஒரு டிகிரி கூடினால், மின்செலவு சுமார் 2 முதல் 3 சதவிகிதம் கூடும். தூசி அடைத்து, காற்றோட்டம் குறைந்து, 45 டிகிரியில் திரவமாக வேண்டிய கேஸ் 55 டிகிரியில் திரவமானால், 20 முதல் 30 சதவிகிதம் வரை கூடுதல் செலவு. அதோடு குளிரூட்டும் திறனும் குறையும். கோடை மதியத்தில் இன்னும் ஏறினால், பாதுகாப்பு ஸ்விட்ச் கம்ப்ரசரை நிறுத்திவிடும். ‘மிஷின் ஓடிக்கொண்டேதான் இருக்கிறது, பால் மட்டும் குளிரவில்லை’ என்பதன் பொருள் இதுதான்.

நேரம்தான் பாலின் எதிரி!

குளிர் தாமதமானால் என்ன ஆகும்? ஆரோக்கியமான மாட்டின் பாலுக்குக் கறந்தவுடன் சில மணி நேரம் இயற்கையான தற்காப்பு உண்டு. அதற்குப் பிறகு, மடி, கை, பாத்திரம் வழியாக வந்த நுண்ணுயிரிகள் வேகமாகப் பெருக ஆரம்பிக்கும். கதகதப்பான பாலில் அரை மணி நேரத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாவதாக வைத்துக்கொண்டால், நான்கு மணி நேரத்தில் ஒன்று 256 ஆகிவிடும். அவை பால் சர்க்கரையைத் தின்று அமிலத்தை உண்டாக்கும். அந்தப் பாலைக் காய்ச்சினால் திரிந்துவிடும்.

4 டிகிரி என்பது கிருமியைக் கொல்லாது. அதன் வேகத்தைக் கட்டிப்போடும். அவ்வளவுதான். ஏற்கெனவே கெட்ட பாலைக் குளிரவைத்து நல்ல பாலாக மாற்ற முடியாது. அதனால்தான் சீக்கிரம் குளிரவைக்க வேண்டும் என்கிறோம். ஒரு தொட்டியில் நூறு வீட்டுப் பால் கலக்கிறது. காயிலில் தூசி படிந்தால், சுத்தமாகக் கறந்த தொண்ணூறு வீட்டுப் பாலும் சேர்ந்துதான் கெடும். மூன்று மாடு வைத்திருக்கும் அந்த அம்மாவின் கேள்விக்கு இதுதான் பதில். அவர் பாலில் குற்றமில்லை.

மாலைப் பால் ஊற்றும்போது கூடுதல் கவனம் வேண்டும். 4 டிகிரியில் 500 லிட்டர் இருக்கும் தொட்டியில், 35 டிகிரியில் உள்ள 500 லிட்டரை ஒரேயடியாகக் கொட்டினால், மொத்தப் பாலும் 19, 20 டிகிரிக்குப் போய்விடும். மிஷினை முன்கூட்டியே ஓடவிட்டு, வரவரச் சிறிது சிறிதாக ஊற்றினால் இந்த ஏற்றம் குறையும்.

எவர்சில்வரும் செம்பும்!

“கண்டன்சர் காயில் செம்புல இருக்குது. தொட்டி மட்டும் ஏன் எவர்சில்வர்?” என்று கேட்டார் செயலாளர்.

செம்பு, எவர்சில்வரைவிட 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். ஆனால், மிகச் சிறிய அளவு செம்பு கலந்தாலும் பாலின் கொழுப்பு சீக்கிரம் காறல் அடிக்கும். அதனால் பால் படும் இடத்தில் துருப்பிடிக்காத எவர்சில்வர். மெல்லிய தகடாகப் போட்டு அதன் குறையைச் சரிக்கட்டுகிறார்கள். பால் படாத வெளிக் காயிலில் செம்புக் குழாய்.

அந்தக் குழாய்களின் மீது, இரண்டு மில்லிமீட்டர் அளவு இடைவெளியில் நூற்றுக்கணக்கான அலுமினிய இதழ்கள் கோத்திருப்பதைப் பார்க்கலாம். இவற்றை ‘ஃபின்’ என்பார்கள். சூட்டைக் கடத்துவதில் காற்று மகா சோம்பேறி. செம்பைவிடப் பதினைந்தாயிரம் மடங்கு மந்தம். அதனால்தான் குழாயின் வெளிப்பரப்பைப் பல மடங்கு கூட்ட இந்த இதழ்கள். கஞ்சியைத் தட்டில் ஊற்றும் அதே கதைதான். இரண்டு மில்லிமீட்டர் சந்தில் தூசி அடைத்தால், தட்டைக் கவிழ்த்து வைத்த கதை.

தொட்டிக்குள்ளும் ஓர் எதிரி உண்டு. சரியாகக் கழுவாத தகட்டில், பாலின் சுண்ணாம்புச் சத்தும் புரதமும் சேர்ந்து வெள்ளையாகவோ மஞ்சளாகவோ படியும். ‘பால் கல்’ என்பார்கள். இது சூடு போகும் வழியையும் அடைக்கும். கிருமிகளுக்கு வீடாகவும் இருக்கும்.

கலக்கியை மறந்துவிடக் கூடாது. தகட்டை ஒட்டிய பால் மட்டும் குளிர்ந்து, உறைந்தும் போகும். மேல் பால் சூடாகவே இருக்கும். கலக்கி சுற்றினால்தான் எல்லாப் பாலும் தகட்டுக்கு வந்து போகும். கலக்கி நின்ற தொட்டி, ஆற்றாத காபி.

பால் பண்ணையில் நடக்கும் பண்டமாற்று!

நம் பால் டேங்கர் ஏறிப் பண்ணைக்குப் போனதும், அங்கே காத்திருப்பது தகடு வகை வெப்பப் பரிமாற்றி. ஒரு மில்லிமீட்டருக்கும் மெல்லிய எவர்சில்வர் தகடுகளை, சீட்டுக்கட்டு மாதிரி அடுக்கி இறுக்கியிருப்பார்கள். ஒரு சந்தில் பால், அடுத்த சந்தில் வெந்நீர், அதற்கடுத்த சந்தில் பால் என்று மாறி மாறி ஓடும். 1923-ம் ஆண்டு ரிச்சர்ட் செலிக்மேன் என்பவர் பாலைப் பதப்படுத்துவதற்காகவே உருவாக்கியது இது. இன்று ரசாயனத் தொழிற்சாலை முதல் பெரிய கட்டடங்களின் ஏ.சி வரை எல்லா இடத்திலும் இருக்கிறது. பாலுக்காகப் பிறந்த கருவி என்பதில் பால் உற்பத்தியாளர்கள் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்ளலாம்.

பாலை 72 டிகிரியில் 15 விநாடிகள் வைத்து, உடனே குளிரவைப்பதுதான் பாஸ்டரைசேஷன். காய்ச்சவும் செலவு, குளிரவைக்கவும் செலவு. இரண்டையும் ஒரே இடத்தில் மிச்சம் பிடிக்கிறார்கள். 72 டிகிரியில் வெளியே வரும் சூடான பாலையும், 4 டிகிரியில் உள்ளே போகும் குளிர்ந்த பாலையும், ஒரே தகட்டின் இரண்டு பக்கங்களில் எதிரெதிர் திசையில் ஓடவிடுகிறார்கள். போகிறவர் சுமையை வருகிறவர் வாங்கிக்கொள்கிறார். 90 சதவிகிதச் சூடு இப்படிக் கைமாறினால், உள்ளே வரும் பால் தானாகவே 65 டிகிரிக்கு ஏறிவிடும். மீதி 7 டிகிரிக்குத்தான் வெந்நீர் தேவை. வெளியே போகும் பாலும் 11 டிகிரிக்கு இறங்கிவிடும். மீதி 7 டிகிரிக்குத்தான் குளிர்ந்த நீர் தேவை.

தகட்டில் ஓட்டை விழுந்தால் பச்சைப் பாலும் பதப்படுத்திய பாலும் கலந்துவிடாதா? அதற்காகவே, பதப்படுத்திய பால் ஓடும் பக்கத்தில் அழுத்தத்தைக் கூடுதலாக வைத்திருப்பார்கள். ஓட்டை விழுந்தாலும், நல்ல பால்தான் அந்தப் பக்கம் போகும். பச்சைப் பால் இந்தப் பக்கம் வராது.

சங்கத்தில் செய்ய வேண்டியவை!

*இடம்: கண்டன்சர் முன்னாலும் பின்னாலும் எதையும் அடுக்காதீர்கள். அது தள்ளும் சூடான காற்று, சுவரில் மோதி அதற்கே திரும்பி வரக் கூடாது. மூடிய அறைக்குள் இருந்தால், சூடான காற்று வெளியேற வழி செய்யுங்கள். வெயில் நேரடியாக விழாமல் கூரை போடலாம். காற்றை மறிக்கும் தடுப்பு போடக் கூடாது.

*காயில்: தட்டு நறுக்கும் இயந்திரமும் வைக்கோல் போரும் பக்கத்தில் இருந்தால், வாரம் ஒருமுறை பார்க்க வேண்டும். மெயின் ஸ்விட்ச்சை அணைத்த பிறகே கை வைக்க வேண்டும். மென்மையான பிரஷ்ஷால், இதழ்களின் போக்கிலேயே தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்த்தால் இதழ் மடங்கிவிடும். காற்று அடிப்பதாக இருந்தால், உள்ளிருந்து வெளிப்பக்கமாக அடிக்க வேண்டும். வாகனம் கழுவும் பம்ப்பை வைத்துப் பீய்ச்சக் கூடாது.

*தொட்டி: பால் எடுத்தவுடன் முதலில் சாதாரணத் தண்ணீர். எடுத்த எடுப்பில் கொதிநீர் ஊற்றினால், பால் புரதம் வெந்து தகட்டில் ஒட்டிக்கொள்ளும். அடுத்து, சோடா வகைச் சுத்திகரிப்பானை 50, 60 டிகிரி வெந்நீரில் கலந்து தேய்த்து, நன்றாக அலச வேண்டும். பால் கல்லை நீக்க, பரிந்துரைத்த அளவில் அமிலச் சுத்திகரிப்பான். கம்பி நார் கூடாது. கீறலில் கிருமி குடியேறும். அமிலத்தையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருபோதும் கலக்காதீர்கள். அதில் இருந்து வரும் நச்சுவாயு உயிரையே பறிக்கும்.

*நோட்டு: ஒரு பள்ளிக்கூட நோட்டு போதும். பால் ஊற்றி முடித்த நேரம், லிட்டர், அப்போதைய வெப்பநிலை, 4 டிகிரியைத் தொட்ட நேரம்... இந்த நான்கை மட்டும் தினமும் எழுதுங்கள். அதே அளவு பாலுக்கு அரை மணி நேரம் கூடுதலாகும் அன்றே காயிலைப் பாருங்கள். பால் திரும்பி வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

வாசகர் கேள்விகள்

குளிர்விப்புத் தொட்டி பற்றியும் குளிர் அறை பற்றியும் வாசகர்கள் கேட்ட சில கேள்விகளை, அந்த மெக்கானிக்கிடமே கேட்டு, பதில்களை இங்கே தொகுத்திருக்கிறோம்.

‘வருஷா வருஷம் கேஸ் தீர்ந்துவிடுகிறது என்று பணம் வாங்குகிறார்கள். கேஸ் தீருமா?’

தீராது. அது டீசல் மாதிரி எரிந்து போகும் பொருள் அல்ல. மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருக்கும். குறைந்திருக்கிறது என்றால், எங்கோ கசிகிறது என்று பொருள். கசிவைக் கண்டுபிடித்து அடைக்காமல் கேஸ் போடுவது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பது மாதிரி. சோப்பு நுரையை வைத்தே பெரிய கசிவைக் கண்டுபிடித்துவிடலாம். ‘கசிவு எங்கே?’ என்று கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள்.

‘சங்கத்துக்குக் கொண்டுபோகும்வரை பால் சூடாகாமல் இருக்க, ஐஸ் கட்டியைப் போடலாமா?’

கூடவே கூடாது. ஐஸ் கரைந்தால் தண்ணீர் கலந்த பால்தான். கொழுப்பு நீங்கலான திடச் சத்து குறைந்து, விலையும் குறையும். ஐஸ் சுத்தமில்லை என்றால் கிருமியும் சேரும். மாறாக, மூடிய கேனைக் கிணற்றுத் தண்ணீர்த் தொட்டியில் கழுத்தளவு நிறுத்தி வையுங்கள். 36 டிகிரி பால் 30 டிகிரிக்கு இறங்கினாலே, மிஷின் எடுக்க வேண்டிய சூட்டில் ஐந்தில் ஒரு பங்கு அங்கேயே குறைந்துவிடும். இதற்காகப் பாலைத் தாமதிக்காதீர்கள். காத்திருக்கும் நேரத்தில் மட்டும் செய்யுங்கள்.

‘எங்கள் குழுவின் காய்கறிக் குளிர் அறையில், காயில் முழுக்க ஐஸ் பிடிக்கிறது. நிறைய ஐஸ் பிடித்தால் நன்றாகக் குளிரும்தானே?’

நேர்மாறு. பூம்பனி என்பது காற்றை அடைத்து வைத்த போர்வை. சூடு காயிலுக்குப் போகாமல் தடுக்கும். அடிக்கடி கதவைத் திறப்பதால் உள்ளே வரும் ஈரக்காற்றுதான் முதல் காரணம். கதவின் ரப்பர், உள் காற்றாடி, பனி உருக்கும் அமைப்பு மூன்றையும் சரிபாருங்கள். கத்தியால் கொத்தாதீர்கள், குழாய் ஓட்டையாகும். இன்னொன்று... எல்லாக் காய்க்கும் ஒரே குளிர் ஆகாது. வாழையை 13 டிகிரிக்குக் கீழே வைத்தால் தோல் கறுத்து, பழுக்கவும் பழுக்காது.

‘கரன்ட் போய்விட்டால் என்ன செய்வது?’

நிறைந்த தொட்டியை மூடியே வைத்திருந்தால், குளிர்ந்த பால் சில மணி நேரம் தாங்கும். திறந்து திறந்து பார்க்கக் கூடாது. சூடான பாலை அதில் ஊற்றினால்தான் ஆபத்து. மின்வெட்டு அதிகமுள்ள ஊர்களுக்கு, மின்சாரம் இருக்கும்போது காயிலைச் சுற்றி ஐஸை உறையவைத்து, தேவைப்படும்போது அந்தக் குளிர்நீரால் பாலைக் குளிரவைக்கும் ‘ஐஸ் பேங்க்’ முறை ஏற்றது.

‘வெளியே தள்ளும் சூட்டை வீணாக்காமல் பயன்படுத்த வழியுண்டா?’

உண்டு. கம்ப்ரசருக்கும் கண்டன்சருக்கும் நடுவில் இன்னொரு சிறிய வெப்பப் பரிமாற்றியை வைத்து, தண்ணீரைச் சூடாக்கலாம். தொட்டி கழுவும் வெந்நீர் அதிலேயே கிடைத்துவிடும். புதிய தொட்டி வாங்கும்போதே கேட்டுப் பாருங்கள். பழைய மிஷினில் நீங்களாக எதையும் வெட்டி ஒட்ட வேண்டாம்.

மீண்டும் அந்த ஊருக்கு வருவோம். மூட்டைகளை நகர்த்தி, காயிலைச் சுத்தம் செய்து முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. சாக்கு நிறையத் தூசி. உதிரி பாகம் எதுவும் மாற்றவில்லை. கேஸும் போடவில்லை. மிஷினை ஓடவிட்டதும், காற்றாடிக்கு முன்னால் கையை நீட்டச் சொன்னார் மெக்கானிக். அனலாக அடித்தது காற்று.

பக்கத்தில் நின்றிருந்த அந்த அம்மாவும் கையை நீட்டிப் பார்த்தார். “அட, இத்தனை சூடா!” என்றார்.

“உங்க பால்ல இருந்த சூடுதானுங்கம்மா. இது வெளிய வந்தாத்தான் பால் பொழைக்கும்” என்றார் மெக்கானிக்.

செயலாளர் அன்றைக்கே ஒரு நோட்டு வாங்கி, முதல் பக்கத்தில் நேரத்தைக் குறித்தார். தட்டு நறுக்கும் இயந்திரத்தைச் சங்கக் கட்டடத்துக்கு மறுபக்கம் மாற்றுவது என்று, அங்கேயே நின்று பேசி முடிவு செய்தார்கள் உறுப்பினர்கள். உங்கள் சங்கத்துக்குப் பால் ஊற்றப் போகும்போது, நீங்களும் ஒருமுறை கட்டடத்தின் பின்பக்கம் போய்ப் பாருங்கள்.